வாங்குமுன் புரட்டிப் பாருங்கள்



வீட்டில் ஒரு பொருள் பழுதடைந்தால் நமது வாயில் முதலில் வரும் கேள்வி எது என்று சற்று நினைத்துப் பாருங்கள். நமது உம்மாமார் "எந்த இடத்துல கிழிஞ்சிரிக்கி?" என்று கேட்டார்கள். நாமோ "புதுசு என்ன விலை?" என்று கேட்கிறோம். இரண்டும் சின்னக் கேள்விகள்தாம். ஆனால் முதற் கேள்வியைக் கேட்பவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். இரண்டாவதைக் கேட்பவர் பார்க்காமலே கடைக்குப் போகிறார்.

இன்று உங்களோடு நான் பேசப்போவது செயற்கைப் புல்லைப் பற்றி. "மௌலவிக்கும் பிளாஸ்டிக் புல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் முன்பள்ளியின் நிர்வாகக் குழுவில் நானும் ஒருவன். அந்தச் சம்பந்தந்தான். இப்போது பல வீடுகளின் மொட்டை மாடியிலும் முற்றத்திலும் இந்தப் புல் விரிக்கப்பட்டிருப்பதால், நாங்கள் அறிந்துகொண்டவை உங்களுக்கும் பயன்படும் என்றெண்ணி எழுதுகிறேன்.

எங்கள் முன்பள்ளியின் முற்றம் முப்பது அடி நீளம், இருபது அடி அகலம். கடலோர மண்ணின் சூடும் குறுமணலும் பிள்ளைகளுக்குத் தொல்லையாக இருந்ததால் 2018ஆம் ஆண்டில் அங்கு செயற்கைப் புல் பதித்தோம். ஐந்து வருடங்கள் பிள்ளைகள் அதில் ஓடினார்கள், உருண்டார்கள், சாப்பாட்டுப் பெட்டியைக் கொட்டினார்கள். 2023இல் அது பார்க்கச் சகிக்காத நிலைக்கு வந்துவிட்டது. வாசலடியில் புல் நசுங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஊஞ்சலுக்குக் கீழே மொட்டை. நோன்பு காலத்தில் யாரோ கஞ்சிக் கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வைத்ததால் பிறை வடிவில் ஓரிடம் உருகிப் போயிருந்தது. இரண்டு துண்டுகள் சேரும் நடுப்பகுதியில் மூட்டு விட்டு, விளிம்பு வாயைத் திறந்துகொண்டு நின்றது. அந்த விளிம்பில் கால் தடக்கி ஒரு பிள்ளை விழுந்து, உதட்டில் இரண்டு தையல் போடவேண்டி வந்தது.

உடனே கூட்டம் கூடினோம். "முழுசாக் கழற்றிட்டுப் புதுசு போடுவோம்" என்றார் குழுவில் வசதியுள்ள ஒருவர். அவர் நல்ல மனிதர். பிள்ளையின் இரத்தத்தைப் பார்த்தவர் அவர், அவசரப்பட்டதில் குறை சொல்ல முடியாது. கணக்குப் பார்த்தோம். அறுநூறு சதுர அடிக்குப் புல்லும் கூலியுமாக இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா. பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். தலைக்கு ஐயாயிரம் என்று முடிவாகி, வீடுகளுக்குக் கடிதமும் போய்விட்டது.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022இன் ஆரம்பத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர், அதே ஆண்டின் நடுப்பகுதியில் முந்நூற்றறுபது ரூபாவைத் தொட்டது. காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்திருந்ததே தவிர, அந்த வரிசைகளில் நின்றவர்களின் கடன் முடிந்திருக்கவில்லை.

கடிதம் போன மறுநாள் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள், அக்காவும் தம்பியும். மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர்களின் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னோடு பேசவில்லை; குசினிக்குள் போய் என் மனைவியிடம் சொன்னார்.

"ராத்தா, ரெண்டு பேருக்கும் பத்தாயிரம். அவர் கடலுக்குப் போய் பதினொரு நாளாகுது, இன்னும் மீனுமில்ல. காசில்லாம புள்ளையள அனுப்பினா அதுகள்ற மூஞ்சப் பாத்து யாரும் கேட்டிருவாங்களோன்னு பயமா இரிக்கி. அடுத்த வருசம் ஸ்கூலுக்குத்தானே போற. அதுவரைக்கும் வீட்டுல இரிக்கட்டும்."

சகோதரிகளே, ஒரு தரை விரிப்புக்காக இரண்டு பிள்ளைகளின் படிப்பு நிற்கப் போகிறது. அன்றிரவு நான் குழுவினரிடம் கேட்டது ஒன்றுதான்: "புதியது வாங்குமுன் பழையதை ஒரு தடவை புரட்டிப் பார்த்தோமா?" பார்க்கவில்லை. மேலால் பார்த்தோம், அசிங்கமாக இருந்தது, விலை கேட்டோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்ப்பது என்று தீர்மானித்தோம். தாய்மாரையும் வரச் சொன்னோம்.

இது எப்படிப்பட்ட பொருள்?

செயற்கைப் புல் முதலில் அறிமுகமான இடங்களில் ஒன்று பாடசாலைதான். 1964இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள மோசஸ் பிரவுண் பாடசாலையில் அதைப் பதித்தார்கள். அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஹூஸ்டன் நகரின் அஸ்ட்ரோடோம் என்னும் கூரை மூடிய விளையாட்டரங்கு. 1965இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் உண்மையான புல்தான் வளர்த்தார்கள். கூரையின் கண்ணாடி போன்ற பலகைகளால் வந்த வெளிச்சத்தில் விளையாட்டுக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. பலகைகளுக்கு நிறம் பூசினார்கள். வெயில் படாமல் புல் செத்தது. 1966இல் செயற்கைப் புல்லை விரித்தார்கள். அன்று அது நைலோனால் ஆனது. இன்று பெரும்பாலும் பொலிஎத்திலீன், பொலிபுரொப்பிலீன் இழைகள்.

பழுது பார்க்க விரும்புபவர் அதன் உடம்பை அறிந்திருக்க வேண்டும். கம்பளம் போலத்தான் இதுவும். அடியில் ஒரு நெசவுத் துணி. அதில் பிளாஸ்டிக் இழைகளை வரிசை வரிசையாகத் தைத்திருப்பார்கள். தையல் கழன்று விடாமலிருக்க அடிப்புறம் இறப்பர்ப் பால் போன்ற ஒரு பசையைத் தடவியிருப்பார்கள். இழை, துணி, பசை ஆகிய மூன்றில் எது பழுது என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்தது.

புரட்டிப் பார்த்தபோது

நாங்கள் நான்கு சோதனைகள் செய்தோம். நீங்களும் செய்யலாம்.

ஒன்று: நசுங்கிக் கிடக்கும் புல்லை விரலால் எதிர்ப்பக்கமாகக் கோதிவிட்டுப் பாருங்கள். எழுந்து நின்றால் அது சாகவில்லை, படுத்திருக்கிறது. வாசலடிப் புல் அப்படித்தான் எழுந்தது.

இரண்டு: ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். கையோடு கழன்று வந்தால் அடிப்பசை போய்விட்டது. இறுக்கமாக நின்றால் நல்லது.

மூன்று: ஓர் இழையை விரல்களுக்கிடையில் வைத்து மடித்துக் கசக்குங்கள். வளைந்தால் உயிர் இருக்கிறது. முறிந்து தூளானால் வெயில் அதைத் தின்றுவிட்டது. அந்த இடத்தைப் பழுது பார்க்க வேண்டாம், அகற்றிவிடுங்கள். அந்தத் தூள் பிளாஸ்டிக். அது பிள்ளையின் கைக்கும் வாய்க்கும், மழை வந்தால் கானுக்கும் கடலுக்கும் போகும்.

நான்கு: ஒரு மூலையைத் தூக்கி நிலத்தைப் பாருங்கள். தரை பதிந்து குழி விழுந்திருந்தால் மேலே என்ன செய்தாலும் நிலைக்காது. முதலில் குழியைக் கல் தூளால் நிரப்பி, இறுக்கி, மட்டப்படுத்த வேண்டும்.

எங்கள் அறுநூறு சதுர அடியில் உண்மையாகவே செத்திருந்தது ஊஞ்சலடியில் நான்கடிக்கு ஐந்தடி மட்டுமே. மற்றதெல்லாம் அழுக்கும் நசுங்கலும், ஒரு மூட்டும், ஓர் உருகிய இடமும். இதற்காக இரண்டு இலட்சம் கொடுக்க இருந்தோம்.

கழுவுதல், கோதுதல், மணல்

முதல் நாள் குப்பை, சருகு, மண் எல்லாவற்றையும் கூட்டி எடுத்தார்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். குளோரின், தின்னர் போன்றவற்றை ஊற்ற விடவில்லை. அவை அழுக்கோடு நிறத்தையும் அடிப்பசையையும் கெடுத்துவிடக் கூடும். பசை வேலைக்குமுன் நன்றாகக் காய வேண்டும். ஆகவேதான் மாரி மழை தொடங்குமுன் இதைச் செய்துவிட வேண்டும் என்கிறேன்.

காய்ந்த பின் தும்புத்தடியால், புல் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகக் கோதிவிட்டார்கள். கம்பித் தூரிகை கூடாது, அது இழையைப் பிடுங்கிவிடும். ஒரே நாளில் எல்லாம் எழாது. மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து கோதினால் எழும்.

எழுந்த புல் நிற்க ஒரு பிடி வேண்டும். அதற்குத்தான் மணல். கழுவிக் காயவைத்த சுத்தமான மணலை மெல்லியதாகத் தூவிக் கோதினால், அது இழைகளின் அடியில் இறங்கி அவற்றை நிமிர்த்தி வைக்கும். விரிப்புக்கும் பாரம் கொடுக்கும். கடல் மணலில் உப்பும், ஆற்று மணலில் களியும் இருக்கும். களி மண் இறுகி நீர் வடியும் துளைகளை அடைத்துவிடும். ஆதலால் கழுவாத மணலைப் போடாதீர்கள்.

வெல்வெட் தைக்கத் தெரிந்தவர்

உருகிப்போன பிறையை எப்படி மாற்றுவது? தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், யாரும் மிதிக்காத மூலையில் ஒரு துண்டு வெட்டி எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். ஆண்கள் கத்தியோடு தயாரானபோது, மணப்பெண் சட்டை தைக்கும் ஒரு தாய் தடுத்தார்.

"பொறுங்க. இதுக்குச் சாய்வு இரிக்கி. வெல்வெட் மாதிரி. மாறி வெச்சா வேற நிறமாத் தெரியும்."

கையால் தடவிக் காட்டினார். ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் குத்தியது. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தபோது ஒரே பச்சை இரண்டு பச்சையாகத் தெரிந்தது. அன்றிலிருந்து வேலை அவர் கைக்குப் போயிற்று.

அவர் செய்த முறையைச் சொல்கிறேன். பழுதான இடத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சதுரத்தைக் குறித்தார். விரிப்பைப் புரட்டி, அடிப்புறத்திலிருந்து, தையல் வரிசைகளுக்கு இடையால் கூரான கத்தியால் வெட்டினார். மேலிருந்து வெட்டினால் நல்ல இழைகளும் அறுந்துபோகும். அதே அளவில் புதிய துண்டை வெட்டி, சாய்வு ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டாமல் வைத்துப் பார்த்தார். ஒரு வரிசை கூடியிருந்தது, அதை எடுத்தார். பிறகு சதுரத்தின் நான்கு விளிம்புகளுக்கும் கீழே, பாதி பழையதிலும் பாதி புதியதிலும் படும்படி மூட்டு நாடாவை விரித்து, அதன்மேல் பசை பூசித் துண்டை இறக்கினார். இடையில் மாட்டிக்கொண்ட இழைகளை ஊசியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மேலே பலகை வைத்து, அதன்மேல் செங்கற்களை ஏற்றி ஒரு நாள் விட்டோம்.

பசை விடயத்தில் கவனம் தேவை. மரத்துக்கும் கடதாசிக்கும் பாவிக்கும் வெள்ளைப் பசை மழையில் கரைந்துவிடும். வெளியில் பாவிப்பதற்கென்று எழுதப்பட்ட, தண்ணீருக்கு அசையாத பசையை வாங்குங்கள். அதன் வாடை கடுமையானது. திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பசை காய்ந்து வாடை போகும்வரை பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

நடு மூட்டையும் இதே முறையில் சேர்த்தோம். அங்கே பழைய நாடாவில் பசை ஒட்டியே இருக்கவில்லை. பதித்தவர்கள் ஈர நிலத்தின்மேல் ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். சரியாக ஒட்டாத மூட்டு அந்த இழுவையில் வாய் திறக்கும். பழைய பசையைச் சுரண்டி, துடைத்து, காயவிட்டு ஒட்டினோம். பிள்ளையின் உதட்டைக் கிழித்த விளிம்பு இப்போது கையால் தடவினாலும் தெரியாது.

ஊஞ்சலடிக்கு நாங்கள் புல் தேடவில்லை. எந்தப் புல்லும் அந்த உரசலுக்கு நிற்காது. செத்த பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, ஓரங்களை இறுக ஒட்டி, அந்த இடத்தைக் கழுவிய மணலால் நிரப்பினோம். விழுந்தாலும் மெத்தென்றிருக்கும்.

நாடா, பசை, மணல், கல் தூள் எல்லாமாகப் பதினாறாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. குழுவின் கையிருப்பே போதுமாயிற்று. "ஐயாயிரம் தேவையில்லை" என்று இரண்டாவது கடிதம் வீடுகளுக்குப் போனது. அக்காவும் தம்பியும் திங்கட்கிழமை வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அழகு குறையவில்லையா என்று கேட்பீர்கள். குறைந்தது. வெயில் படாத மூலையிலிருந்து எடுத்த துண்டு மற்றதைவிடப் பச்சையாக நின்றது. பிள்ளைகள் அதற்குப் "புதுப்புல்லு வீடு" என்று பெயர் வைத்து, அதற்குள் நின்று விளையாடினார்கள்.

பழையது எங்கே போகும்?

கழற்றி எறிவதென்றால் எங்கே எறிவது? இழை ஒரு பிளாஸ்டிக், துணி இன்னொன்று, பசை வேறொன்று. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்தெடுத்து மீண்டும் பாவிப்பது கடினம். எரித்தால் நச்சுப் புகை. மிஞ்சுவது குப்பை மேடுதான். நமது அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டைப் பற்றி 2022 ஜனவரியில் உலகமெங்கும் செய்தி வந்தது. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று சுமார் இருபது யானைகள் இறந்ததாகச் சொன்னார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் நமக்குத் தெரியும். நாம் வாசலுக்கு வெளியே வைக்கும் மூட்டை இன்னொருவரின் வாசலில்தான் போய் இறங்குகிறது.

அதேவேளை, எதையும் தூக்கி எறியக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இழை தூளாகிறது, அடிப்பசை எங்கும் விட்டுவிட்டது என்றால் அகற்றத்தான் வேண்டும். அப்போதும் மறுபடி செயற்கைப் புல்தானா என்று யோசியுங்கள். 2002இல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது, 37 பாகை செல்சியஸ் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 பாகை வரை சுட்டிருந்தது. நடுப்பகலில் பிள்ளைகளை வெறுங்காலோடு அதில் விடாதீர்கள். நிழல் கட்டுங்கள், அல்லது காலையிலும் பின்னேரத்திலும் மட்டும் விளையாட விடுங்கள். நாங்கள் பதினொரு மணிக்குப் பின் முற்றத்தைத் திறப்பதில்லை.

எனது உம்மா பன்பாய் இழைப்பவர். பாயின் ஓரம் அவிழத் தொடங்கினால் பழைய சாரன் துணியை மடித்துக் கரை தைப்பார். நடு தேய்ந்தால் இரண்டு பாய்களின் நல்ல பகுதிகளைச் சேர்த்து ஒன்றாக்குவார். இதை அவர் சிக்கனம் என்று சொல்லவில்லை. பன் வெட்டி, காயவைத்து, சாயமிட்டு, இழைத்த கைக்கு அதன் பெறுமதி தெரியும்.

அனஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் பாட்டியார் முலைக்கா அவர்களின் வீட்டு விருந்தைப் பற்றி ஹதீஸ் நூல்களில் வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நெடுநாள் பாவித்துக் கறுத்துப்போன ஒரு பாய். அதன்மேல் அனஸ் அவர்கள் தண்ணீர் தெளித்தார்கள். அந்தப் பாயில்தான் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தொழுகை நடத்தினார்கள். நபியவர்களின் கிண்ணம் வெடித்தபோது, அந்த இடம் வெள்ளிக் கம்பியால் இணைக்கப்பட்டதும் புகாரியில் இருக்கிறது. அந்தக் கிண்ணத்தைப் பின்னர் வந்தவர்களும் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டு முற்றத்தில் நசுங்கிய புல் இருந்தால், கடைக்குத் தொலைபேசி எடுக்குமுன் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு கொத்தை இழுத்துப் பாருங்கள், ஓர் இழையைக் கசக்கிப் பாருங்கள். தும்புத்தடியை எடுத்து எதிர்ப்பக்கமாக நான்கு தரம் கோதிப் பாருங்கள். பாடசாலைக் குழுக்களிலும் பள்ளிவாசல் குழுக்களிலும் இருக்கும் உங்கள் கணவன்மாரிடமும் சொல்லுங்கள்: தலைக்கு இவ்வளவு என்று கடிதம் அடிக்குமுன், ஊரில் தையல் தெரிந்த ஒரு தாயைக் கூப்பிட்டுக் காட்டட்டும். அந்தக் கடிதம் எந்த வீட்டின் கதவைத் தட்டும், அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பது நமக்குத் தெரியாது.